சிமென்ட்டை உரித்த பிறகு: ஒரு பழைய சாமியார் வீட்டின் வடக்குச் சுவர்

வடக்குச் சுவரில் புதிதாகப் பூசிய சுண்ணாம்பு ஒரு முழுக் குளிர்காலத்தைத் தாண்டிவிட்டது. உறைபனிக்கு உதிரவில்லை. உள்பக்கம் உப்புப் பூக்கவில்லை. சமையலறையில் இருந்த ஈர வாடையும் போய்விட்டது. இனிமேல் தைரியமாக எழுதலாம் என்று தோன்றியது. பிரான்ஸில் கிராமத்துக் கல் வீட்டை ஆசைப்பட்டு வாங்கிவிட்டு ஓதத்தோடு மல்லுக்கட்டும் புதுச்சேரி, காரைக்கால் ஆட்கள் எனக்குத் தெரிந்தே சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்காவது உதவட்டும்.

வீடு இருப்பது பூர்கோன் பகுதியின் மேற்கு ஓரம், யோன் மாவட்டத்தில், புய்ஸே வட்டாரத்தில். களிமண்ணும் காடும் குளமும் நிறைந்த ஊர்ப்புறம். மண்பாண்டத்துக்கும் காவி மண்ணுக்கும் பேர்போன இடம். கோயிலுக்கு, அதாவது ஊர்க் கத்தோலிக்கத் தேவாலயத்துக்கு, அடுத்த வீடு எங்களுடையது. அது பழைய பிரெஸ்பித்தேர், அதாவது பங்குச் சாமியார் குடியிருந்த வீடு. இந்த வகை வீடுகளை ஒன்று பார்த்தால் பத்து பார்த்த மாதிரி. நடுவில் வாசல், நேராக ஒரு நடை, ஒரு பக்கம் சமையலறை, மறுபக்கம் வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசும் அறை, மாடியில் படுக்கை, அதற்கு மேல் பரண், பின்னால் மதில் சூழ்ந்த தோட்டமும் கிணறும். இப்போது ஒரே சாமியார் பல ஊர்க் கோயில்களைச் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார். வீடு சும்மா கிடந்ததால் ஊராட்சி கொஞ்ச காலம் வாடகைக்கு விட்டது, அப்புறம் விற்றுவிட்டது.

இப்படிப்பட்ட வீட்டைப் பழுதுபார்க்கும் செலவு யார் தலையில் விழும் என்பது பிரான்ஸில் நெடுங்காலத் தகராறு. 1695 ஏப்ரலில் வந்த அரசாணைப்படி, சாமியாருக்குத் தகுந்த வீடு கொடுப்பது ஊர்மக்கள் பொறுப்பு. அவர்கள் கட்டிய தசமபாகத்தின் பெரும்பங்கு எங்கோ இருக்கும் மடத்துக்குப் போனாலும் சரி, வீட்டுக்கு ஓடு மாற்றும் காசு ஊரார் பையிலிருந்துதான். 1789 நவம்பர் 2 அன்று திருச்சபைச் சொத்து தேசத்தின் கைக்கு வந்தது, ஏராளமான சாமியார் வீடுகள் ஏலம் போயின. விலைபோகாமல் மிஞ்சியவற்றை 1802ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்தோடு சேர்த்துச் சாமியார்களுக்கே திருப்பிக் கொடுத்தது. 1809 ஆணை கோயில் சொத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு நிர்வாகக் குழு வைத்தது. குழுவிடம் காசு இல்லையென்றால் ஊராட்சி போடவேண்டும். கிராமத்துக் குழுவிடம் என்றைக்குக் காசு இருந்தது? 1905 டிசம்பர் 9 சட்டம் அரசையும் மதத்தையும் பிரித்த பிறகு, ஊராட்சிக்குச் சொந்தமான வீட்டில் சாமியார் வாடகைக்கு இருந்தார், இல்லையென்றால் அது பள்ளிக்கூடமோ, மேரி எனப்படும் ஊராட்சி அலுவலகமோ ஆகிவிட்டது.

இந்தக் கதையை நான் ஆர்வத்துக்காகப் படிக்கவில்லை. செலவு செய்தது ஊராட்சி என்றால் கணக்கு எழுதியிருப்பார்கள், அந்தக் காகிதம் எங்காவது இருக்கும். மாவட்ட ஆவணக் காப்பகத்தில் ஓ என்ற எழுத்து வரிசையில் ஊராட்சிகளின் வரவு செலவு, கட்டட வேலைகள் எல்லாம் இருக்கின்றன. வி வரிசையில் கோயில் விவகாரங்கள். புரட்சியின்போது ஏலம் போன வீடு என்றால் க்யூ வரிசையில் தேடவேண்டும். எங்கள் மாவட்டத்துக்கு ஓஸேர் நகரில் காப்பகம். அங்கே ஓ வரிசையில் எங்கள் ஊர்க் கட்டை அவிழ்த்தபோது, பத்தொன்பதாம் நூற்றாண்டு மதிப்பீட்டுத் தாள் ஒன்று கிடைத்தது. கூரை ஓடு, தேக்கும் பீப்பாய்க்குப் போகும் தகரக்குழாய், வடக்குச் சுவருக்குச் சுண்ணாம்பு மணல் பூச்சு என்று உருப்படி வாரியாக எழுதியிருந்தது. அதில் எனக்கு உதவியது இரண்டு விஷயங்கள். வடக்குச் சுவர் முழுவதும் பூசப்பட்டிருந்தது. கூரைத் தண்ணீர் சுவரடியில் விழாமல் பீப்பாயில் பிடிக்கப்பட்டது. நாங்கள் வாங்கியபோது இரண்டுமே இல்லை.

வேலை தொடங்கும் முன் இருந்த நிலை இதுதான். 1970களில் யாரோ நல்லெண்ணத்தோடு வடக்குச் சுவரின் அடியில் 1.2 மீட்டர் உயரத்துக்குச் சிமென்ட் பூசியிருக்கிறார்கள். கனம் 3 சென்டிமீட்டர். அதற்குமேல் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, கல் தெரியும்படி விட்டு, இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைத்திருக்கிறார்கள். சுவரடியில் ஒரு மீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் மேடை. வெளித்தரை உள்தரையைவிட 25 சென்டிமீட்டர் உயரம். கூரைக் குழாய் மூலையில் வந்து அப்படியே நின்றுவிட்டது. சுவர் 60 சென்டிமீட்டர் கனம். சக்கிமுக்கிக் கல்லும் இரும்புச் சத்துள்ள செம்பழுப்பு மணற்கல்லும் கலந்து, மண்ணும் சுண்ணாம்பும் சேர்ந்த சாந்தில் கட்டியது. இந்தச் சாந்து ஈரத்தை உறிஞ்சும், வெளியே விடும். சிமென்ட் அந்த வெளியே போகும் வழியை அடைத்துவிட்டது. வழி இல்லாத ஈரம் மேலே ஏறி, சமையலறைப் பக்கம் 1.4 மீட்டரில் உப்பாக வெடித்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தால் சிமென்ட் பூச்சில் பாதி இடம் டொக்கு டொக்கென்று வெற்றோசை.

ஓதத்துக்கு மருந்து சொல்ல வந்த ஒரு நிறுவனத்தார் சுவரில் வரிசையாகத் துளை போட்டு ரசாயனம் செலுத்தவேண்டும் என்றார்கள். கூரைக் குழாயை அவர்கள் பார்க்கவே இல்லை. மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன்.

அனுமதி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முகப்பை மாற்றினால் மேரியில் முன்னறிவிப்பு கொடுக்கவேண்டும். வழக்கமாக ஒரு மாதத்தில் பதில் வரும். எங்கள் பக்கத்துக் கோயில் வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இருப்பதால், அதன் சுற்று வட்டத்துக்குள் வரும் வீடுகளுக்கு அரசுக் கட்டடக் கலைஞரின் கருத்தும் தேவை. அதற்கு இன்னொரு மாதம். 500 மீட்டர் ஆரம் என்ற இந்த விதி 1943இல் வந்தது. 1996இல் அமைந்த பாரம்பரிய அறக்கட்டளையின் முத்திரை கிடைத்தால் வரிக் கழிவு உண்டு. ஆனால் வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். நாங்களே பூசப்போவதால் கழிக்க எங்களிடம் பெரிய பில் எதுவும் இருக்காது, விட்டுவிட்டோம்.

கட்டடக் கலைஞர் வந்து பார்த்த அரைமணி நேரம்தான் இந்த வேலையிலேயே எனக்குப் பெரிய பாடம். என் மனைவிக்குக் கல் தெரியும் சுவர்தான் பிடிக்கும். எனக்கும் அப்படித்தான், பூச்சு வேலை குறையுமே. அவர் ஜன்னல் ஓரத்தில் கையை வைத்துக் காட்டினார். ஜன்னலைச் சுற்றியும் மூலைகளிலும் உள்ள செதுக்கிய சுண்ணாம்புக் கற்கள், சுவரின் மற்றக் கற்களைவிட இரண்டு விரல் வெளியே நிற்கின்றன. அந்த இரண்டு விரல் பூச்சுக்கு விட்ட இடம். பூச்சு வந்து செதுக்கிய கல்லின் மட்டத்தில் முடியவேண்டும். கூரை விளிம்புக்கு அடியில், மழை படாத ஓர் அடி நீளத்தில், பழைய பூச்சு மஞ்சள் நிறத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. தொழுவத்துக்கும் களஞ்சியத்துக்கும் கல் தெரிய விடுவார்கள், சாமியார் வீட்டுக்கு விடமாட்டார்கள் என்றார். காப்பகத் தாளும் அதையே சொன்னதால் வீட்டில் விவாதம் முடிந்தது. இப்போது கல்லைக் காட்டுவதற்காகக் கிராமம் கிராமமாகப் பூச்சைக் கொத்தி எடுக்கிறார்கள். சுவரின் தோலை உரிப்பதைப் பாரம்பரியம் என்று எப்படி நினைக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

முதல் வேலை தண்ணீர். சுவரைத் தொடவே இல்லை. மூலைக் குழாயைத் துத்தநாகத் தகட்டுக் குழாயாக மாற்றி, பழைய 1,000 லிட்டர்த் தொட்டி ஒன்றில் இறக்கினேன். பிறகு சிறிய மண்தோண்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து, கான்கிரீட் மேடையை உடைத்து எடுத்துவிட்டு, வெளித்தரையை 25 சென்டிமீட்டர் இறக்கினோம். வாசற்படியின் மிக அடிக்கல் அப்போதுதான் வெளியே வந்தது. ஒரு படியே புதைந்து கிடந்திருக்கிறது.

வடிகால் பள்ளத்தைச் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். பலரும் அங்கேதான் தோண்டுகிறார்கள். பழைய கிராமத்து வீட்டுக்கு அடித்தளம் ஆழமே இல்லை. எங்கள் வீட்டில் ஓர் இடத்தில் கையால் தோண்டிப் பார்த்ததில் 55 சென்டிமீட்டரில் கடைக்கால் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே பள்ளம் போனால் மண் சரிந்து சுவர் உட்கார்ந்துவிடும். சுவரிலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 45 சென்டிமீட்டர் ஆழத்தில், மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவில் தோண்டினோம். வடிதுணி விரித்து, கொஞ்சம் ஜல்லி, 100 மில்லிமீட்டர்த் துளைக்குழாய், மேலே ஜல்லி, துணியை மடித்து மூடி மண். சுவரடியில் மண்ணை வெளிப்பக்கம் சரியும்படி விட்டாயிற்று. சரிவை நீளமான மட்டப்பலகையும் ரசமட்டமும் வைத்தே பார்த்தேன், லேசர் கருவி எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்து சிமென்ட்டை உரிப்பது. இதற்குப் பலம் வேண்டாம், பொறுமைதான் வேண்டும். வெற்றோசை வந்த இடங்களில் உளியை விளிம்பில் வைத்து நெம்பினாலே பலகை பலகையாக வந்துவிடுகிறது. நன்றாக ஒட்டிய இடத்தில் துளைக்கருவியைச் சுத்தியல் நிலையில் வைத்து, தட்டையான உளியைச் சாய்வாகப் பிடிக்கவேண்டும். நேராகப் பிடித்தால் மணற்கல் உடைகிறது. மின்கருவியைச் செதுக்கிய கற்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே இல்லை, அங்கே கைச்சுத்தியலும் சின்ன உளியும் மட்டும். இடுக்குச் சிமென்ட்டை 3 சென்டிமீட்டர் ஆழம் வரை சுரண்டி எடுத்தோம். பழைய மண்சாந்து தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும், அது உதிர்ந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

ஜன்னல் கதவுகளைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. 1949க்கு முன்பு கட்டிய வீட்டை விற்கும்போது ஈயச் சோதனை அறிக்கை கட்டாயம். அதில் எங்கள் வெளிக்கதவுகளில் ஈயம் கலந்த பெயின்ட் என்று இருந்தது. உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது கூடவே கூடாது. பி3 வகை முகமூடி, ஈரத்துணி, வீட்டுக்கு வெளியே வேலை. குழந்தைகளை அந்தப் பக்கமே விடவில்லை.

சிமென்ட் போன சுவர் பார்க்கவே பயமாக இருந்தது. கன்னங்கரேலென்று ஈரம், சில இடங்களில் தொட்டால் சாந்து சேறு. அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற கொத்தனார் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். சுவரைப் பார்த்துவிட்டு, “மொஸ்யே, இப்போது நீங்கள் செய்யவேண்டியது ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் பாருங்கள்” என்றார். சென்டிமீட்டர் கனத்துக்கு ஒரு மாதம் காயவேண்டும் என்பது அவர் கணக்கு. அதன்படி முழுதும் காயக் காத்திருந்தால் எனக்கு வயதாகிவிடும். இலையுதிர்காலத்தில் உரித்து, வசந்தம் முடியும் வரை விட்டோம். மழை அடிக்கும் நாளில் சாரத்திலிருந்து ஒரு தார்ப்பாய், சுவரில் ஒட்டாமல் ஒரு முழம் தள்ளி.

காயக் காய உப்பு வெளியே வந்தது. வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவத் தோன்றும். கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். உலர்ந்த தூரிகையால் தட்டி, கீழே விரித்த பிளாஸ்டிக் தாளில் பிடித்து, குப்பையில் போடவேண்டும், தோட்டத்தில் கொட்டக்கூடாது. உள்பக்கம் சமையலறையில் இன்னொரு உபாயமும் செய்தோம். வலுக்குறைந்த சுண்ணாம்பும் பரும் மணலும் கலந்து ஒரு தற்காலிகப் பூச்சு. சுவருக்கு உள்ளே இருக்கும் உப்பு இந்தப் பூச்சுக்குள் ஏறி வந்து இதைக் கெடுக்கும், கெட்டதும் உரித்து எறிந்துவிடலாம். பூசியதை நாமே உரிப்பது மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் உரித்த பிறகு உப்பு வருவது வெகுவாகக் குறைந்தது.

இந்தக் காத்திருப்புக் காலத்தில் கெதலோன் போய்வந்தோம். புய்ஸேயிலேயே த்ரேன்யி ஊரில், 13ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு கோட்டையை 1997 முதல் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே வேலை செய்பவர்களிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம். சாந்து கலப்பவரிடம் நின்று நிறையக் கேட்டேன். தண்ணீரைக் குறைத்து, இன்னும் கொஞ்ச நேரம் கலக்கு என்பதுதான் அவர் திரும்பத் திரும்பச் சொன்னது. கலவை வறட்சியாகத் தெரியும்போது தண்ணீர் ஊற்றக் கை பரபரக்கும். ஊற்றாமல் ஐந்து நிமிஷம் கூடுதலாகக் கலந்தால் தானே நெகிழ்ந்துவிடுகிறது.

சுண்ணாம்பு வாங்கும்போது பையில் உள்ள எண்ணைப் பாருங்கள். நீரிலேயே இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு என்ஹெச்எல் 2, 3.5, 5 என்று மூன்று வலுவில் கிடைக்கிறது. காற்றில் மட்டும் மெதுவாக இறுகுவது சிஎல் 90. கட்டடப் பொருள் கடையில் எதைக் கேட்டாலும் 5ஐத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், சீக்கிரம் இறுகுமாம். எங்களுக்கு வேண்டியது அதுவல்ல. தோட்டத்துக் கொட்டகையின் பின்சுவரில் 50க்கு 50 சென்டிமீட்டர் அளவில் மாதிரிகள் பூசிப் பார்த்தோம். என்ஹெச்எல் 5ஐ ஒன்றுக்கு இரண்டு என்று நைஸ் மணலில் கலந்த மாதிரி, இறுகியதும் நெடுக விரிசல் விட்டது, நகத்தால் கீறினால் சிமென்ட் மாதிரியே இருந்தது. என்ஹெச்எல் 3.5ஐ ஒன்றுக்கு மூன்று என்று பரும் மணலில் கலந்தது விரியவே இல்லை.

மணல்தான் நிறத்தையும் குணத்தையும் முடிவுசெய்கிறது. கழுவிய மணல், 0 முதல் 4 மில்லிமீட்டர் வரை எல்லா அளவும் கலந்தது, மூன்று பங்கு. உள்ளூர்க் குவாரியின் மஞ்சள் மணல் ஒரு பங்கு. மஞ்சள் மணலில் களிமண் அதிகம் இருந்தால் விரிசல் விடும். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், மேலே தண்ணீர், குலுக்கி ஓர் இரவு வைத்தால் களிமண் மேலே தனிப் படலமாகப் படியும். முதல் குவாரியின் மணலில் படலம் விரற்கடை கனம். வேறு குவாரிக்குப் போனோம்.

பூச்சுக்கு மூன்று அடுக்கு. வெளியே வர வர வலு குறையவேண்டும் என்பதுதான் விதி. முதல் அடுக்குக்கு என்ஹெச்எல் 3.5, ஒரு வாளி சுண்ணாம்புக்கு இரண்டு வாளி மணல், மோர்க்குழம்புப் பதத்தில். முந்தின நாள் மாலையும் அன்று காலையும் சுவரை நனைக்கவேண்டும். தண்ணீர் வழியக்கூடாது, கல் ஈரமாக இருக்கவேண்டும், மேற்பரப்பில் மினுமினுப்பு இருக்கக்கூடாது. கரணையில் எடுத்து மணிக்கட்டைச் சுண்டி எறியவேண்டும். தேய்க்கக்கூடாது. கனம் 5 மில்லிமீட்டருக்குள், சொரசொரவென்று, சில இடத்தில் கல் தெரிந்தாலும் பரவாயில்லை. நான் எறிந்ததில் பாதி தரையில். கொத்தனார் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, முழங்கையை அசைக்காதீர்கள் என்றார். அதற்குப் பிறகுதான் ஒட்ட ஆரம்பித்தது. மூன்று நாள் விட்டோம்.

இரண்டாவது அடுக்கு, உடல் பூச்சு. அதே சுண்ணாம்பு, ஒன்றுக்கு இரண்டரை. சிமென்ட்டோடு கல்லும் பெயர்ந்து வந்த குழிகளை முதலிலேயே கல்சில்லு வைத்துச் சாந்தால் அடைத்துக் காயவிட வேண்டும். ஒரே நேரத்தில் 2 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. ஆகஸ்ட் வெயிலுக்குப் பயந்து ஜூனில் தொடங்கினோம். வெயில் வடக்குச் சுவருக்கு வரவில்லை, காற்று வந்தது. ஒரு மத்தியானம் உலர்காற்று அடித்ததில் பூசிய இடம் மேல்தோல் மட்டும் காய்ந்து விரிந்துவிட்டது. மறுநாள் காலை சாந்து இன்னும் பச்சையாக இருக்கும்போதே தண்ணீர் தெளித்து, மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தால் விரிசல் மூடிக்கொள்கிறது. அன்றிலிருந்து சாரத்தில் கோணிச்சாக்கைத் தொங்கவிட்டு, காலையும் மாலையும் நனைத்தோம். மருந்து தெளிக்கும் முதுகுத் தெளிப்பான் இதற்கு நல்ல கருவி. ஹோஸ் குழாய் வேண்டாம், சாந்தை அரித்துவிடும்.

புதுச்சேரியிலிருந்து அப்பா போனில், “கடுக்காயும் வெல்லமும் ஊறவைச்சு ஊத்தினியா?” என்று கேட்டார். இங்கே அந்தப் பழக்கம் இல்லைப்பா என்றேன். அப்ப அது எப்படி நிற்கும் என்று இன்னும் சந்தேகத்தோடுதான் இருக்கிறார்.

மூன்றாவது அடுக்கை உடல் பூச்சுக்கு மூன்று வாரம் கழித்துத் தொடங்கினோம். என்ஹெச்எல் 2, ஒன்றுக்கு மூன்று, 2 மில்லிமீட்டருக்குள் சலித்த மணல், கனம் 6 மில்லிமீட்டர். கட்டடக் கலைஞரின் நிபந்தனைகள் இங்கேதான் கைகொடுத்தன. மூலைகளுக்குப் பிளாஸ்டிக் விளிம்பு கூடாது. மட்டக்கோல் வைத்து நேராக்கக் கூடாது, சுவர் எங்கே வளைகிறதோ அங்கே பூச்சும் வளையவேண்டும். செதுக்கிய கல்லின் மட்டத்துக்கு வந்து, அதன்மேல் ஏறாமல் நிற்கவேண்டும். இந்தக் கடைசி வேலைக்கு நாக்கு வடிவச் சின்னக் கரணை தேவை. முழுச் சுவர் பூசிய நேரத்தைவிட ஜன்னல் ஓரங்களுக்கு அதிக நேரம் ஆனது. லேசாக இறுகியதும் மென்மையான தூரிகையால் வட்டமாகத் தடவினால் மணல் வெளியே தெரிகிறது. அந்த மஞ்சளும் கூரைக்கடியில் மிஞ்சியிருந்த பழைய மஞ்சளும் ஒன்றோடொன்று ஒத்துப்போனதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

சில இடங்களில் திட்டுத்திட்டாகத் தெரிந்தது. அதற்கு மேலே சுண்ணாம்பு நீர் அடித்தோம். சிஎல் 90 ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து பங்கு, புய்ஸே காவித்தூள் கொஞ்சம். காவித்தூள் சுண்ணாம்பின் எடையில் கால் பங்கைத் தாண்டினால் ஒட்டாமல் கையோடு வரும். நாங்கள் அதற்கு வெகு கீழே நின்றோம். கண்ணாடி, கையுறை இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். தலைக்குமேல் அடிக்கும்போது கண்ணில் தெறித்தால் சுண்ணாம்பு விழியையே சுட்டுவிடும். தண்ணீர் பாட்டில் ஒன்று சாரத்திலேயே கட்டியிருந்தோம்.

மிஞ்சிய காவியில் கொட்டகைக் கதவுக்கு மாவு பெயின்ட் காய்ச்சினோம். 8 லிட்டர் தண்ணீரில் 650 கிராம் கோதுமை மாவைக் கரைத்துக் காய்ச்சி, இரண்டரைக் கிலோ காவித்தூள், 250 கிராம் இரும்பு சல்ஃபேட், கொஞ்ச நேரம் கழித்து ஒரு லிட்டர் ஆளிவிதை எண்ணெய், கடைசியில் எண்ணெயும் தண்ணீரும் கலக்க 100 மில்லி கறுப்புச் சோப்பு. இழைக்காத சொரசொரப்பான மரத்தில்தான் பிடிக்கும். இரண்டு கை அடித்தோம். இந்த வேலை முழுவதிலும் குழந்தைகள் விரும்பிச் செய்தது இது ஒன்றுதான்.

செலவு: 25 கிலோச் சுண்ணாம்புப் பை 22, பை 14 யூரோ. மூன்று டன் மணல், கொண்டுவந்து கொட்டும் கூலியோடு 220. இயந்திர வாடகை 380. வடிகால் குழாய், ஜல்லி, துணி 420. துத்தநாகக் குழாயும் பழைய தொட்டியும் 190. முகமூடி, கையுறை, சாக்கு, வாளி வகையறா 130. சிஎல் 90ம் காவியும் 64. சார வாடகை 900, இதுதான் வயிற்றெரிச்சல். ஆகமொத்தம் 2,600 யூரோவை ஒட்டி வருகிறது, சுமார் 52 சதுர மீட்டருக்கு. இதே சுவரைப் பூச மட்டும் ஒரு கைவினைஞர் கொடுத்த மதிப்பீடு 7,000க்கு மேல். அவர் கேட்டது நியாயமான விலை என்பது ஜன்னல் ஓரங்களைப் பூசிய பிறகு புரிந்தது.

அடுத்த முறை சாரத்தை வாடகைக்கு எடுக்கமாட்டேன். பழைய சாரம் ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் அதே விலைக்கு விற்றுவிடலாம். சுண்ணாம்பு வேலைக்கு நடுவில் காத்திருக்கும் நாட்கள்தான் அதிகம், அத்தனை நாளும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கிறது. மணலை முதலிலேயே மொத்தமாக வாங்குவேன். குவாரியில் அடுத்த லோடு வேறு நிறத்தில் வந்ததால், மேற்கு ஓரத்தில் ஒரு கீற்று கொஞ்சம் வெளிறித் தெரிகிறது. கொத்தனாரைத் தவிர யாரும் கவனிக்கவில்லை. தரையை இறக்கும் முன் வாசற்படியைச் சுற்றி கையால் தோண்டிப் பார்ப்பேன். இயந்திரத்தின் பல் பட்டு அடிப்படியின் மூலை சிதைந்திருக்கிறது.

இனி தோட்டம். சாமியார் தோட்டம் என்றால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பாதை, நான்கு பாத்தி, பாத்தியைச் சுற்றி பக்ஸ் என்ற புதர்ச்செடியில் குட்டையான வேலி, பீடத்துக்குப் பூ, கைவைத்தியத்துக்குச் செடி, மதிலில் கட்டி வளர்த்த பேரி மரம், வெயில் படும் மதிலில் திராட்சை. எங்கள் பக்ஸ் வேலியை ஆசியாவிலிருந்து வந்த அந்துப்பூச்சி மொட்டையடித்துவிட்டது. 2008இல் பிரான்ஸின் அல்ஸாஸ் பகுதியில் முதலில் தென்பட்ட பூச்சி, இப்போது எங்கும் பரவியிருக்கிறது. வேலியைப் பிடுங்கிவிட்டு வேறு குறுஞ்செடி வைக்கிறோம். அதற்கு முன்பு மதில். உச்சியில் இருந்த ஓடுகள் போய், மழை நேராக மண்சாந்துக்குள் இறங்குகிறது. ஓடுகளை முதலில் வைத்து, அடியில் மண்ணை இறக்கி, ஒரு குளிர்காலம் காயவிட்டு, அப்புறம்தான் பூச்சு. உறைபனி முடிந்து ஏப்ரலில் தொடங்கவேண்டும். மணல் அதே குவாரியில் சொல்லியாகிவிட்டது, இந்த முறை ஒரே லோடாக.